கழிவிற் பொருள் கண்ட கார்வர்

பிறர் வேண்டாவென்று எறிந்த பொருள்களில் பயன் தேடுவதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட பெரியார் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்பவர்.

அவர் அமெரிக்காவில் மிஸௌரி மாகாணத்தில், 1864-ஆம் ஆண்டளவில், ஓர் அடிமைத் தாயின் மகனாய்ப் பிறந்தார். அவர் கைக்குழந்தையாயிருக்கையில் கொள்ளைக்காரர் தாயையும் சேயையும் கவர்ந்து சென்றனர். சேய் மட்டுமே மீண்டது. வளர்ந்தபின் சமையலும் சலவையும் செய்து கல்வி கற்றார். கான்ஸாஸ் மாகாணத்துக் கலாசாலையொன்று அவரை ஏற்றுக்கொள்வதாக எழுதியிருந்தும், நேரிற் கண்டதும் நிறங் கருதித் திருப்பியனுப்பிற்று. அவரோ மனந்தளராது, அயோவா விவசாயக் கலாசாலையிற் பயின்று 1894, 1896-ஆம் ஆண்டுகளிற் பட்டங்கள் பெற்றார்.

1896-ல் புக்கர் வாஷிங்டன் அவர்களின் அழைப்பிற்கிணங்கி, அலபாமா மாகாணத்து டஸ்கீகி கலாசாலையை அடைந்தார். அங்கே பரிசோதனைக் கருவிகள் இல்லை. குப்பையிற் கிடந்த புட்டிகளையும் உடைசல்களையும் மாணாக்கரைக்கொண்டு சேர்த்துக் கருவிகளாக்கினார். பருத்தியையே ஓயாது பயிரிட்டதனால் அந்நாட்டு நிலங்கள் வளமிழந்து கிடந்தன. மண்ணுக்கு நைட்ரஜன் சத்தைத் தரும் நிலக்கடலை, காராமணி முதலியவற்றையும், சர்க்கரைவள்ளிக்கிழங்கையும் பயிரிடுமாறு ஏழைக் குடியானவருக்கு அவர் போதித்தார். விளைந்தவற்றிற்கு விலை வேண்டுமே! ஆதலின் கிழங்கிலிருந்து மாப்பொருளும் பசையும், கடலை ஓட்டிலிருந்து சுவர்ப்பலகையும் செய்து காட்டினார்.

அவரைப்பற்றி மிகைக் கூற்றுகளும் உள. கடலை வெண்ணெயை அவர் கண்டுபிடித்தாரல்லர். அவர் செய்த பொருள்களிற் பெரும்பாலன கடைவீதியை அடையவில்லை. செய்முறைகளை எழுதிவைத்ததும் குறைவு. ஆயினும் வயற்கழிவு கழிவன்று என்னும் அவருடைய துணிபு பழுதாகவில்லை. இன்று விஞ்ஞானிகள் மாப்பொருளைப் பசையாகவும் கரும்புச்சக்கை, வைக்கோல் முதலியவற்றின் நாரை வலுவாகவும் சேர்த்துத் தட்டுகளும் பலகைகளும் செய்கின்றனர். மாப்பொருள் பிணிக்கும், நார் தாங்கும், உபயோகம் முடிந்தபின் இரண்டும் மண்ணில் மக்கும். நீர் பட்டால் மாப்பொருள் இளகுதலே இன்னும் தீர்க்கவேண்டிய பெருங்குறை.

கார்வர் மணம்புரியவில்லை, எளிய உடையே தரித்தார். தாம் சேமித்த பொருளை ஆராய்ச்சி நிதியொன்றிற்கு அளித்து, 1943-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் டஸ்கீகியில் இயற்கை யெய்தினார்.

ஒருகாற் கலாசாலை வாயிலில் மறுக்கப்பட்டவர் அவர். எறியப்பட்ட எதனையும் பயனற்றதென்று அவர் கருதாமைக்கு அதுவும் ஒரு காரணமாயிருத்தல் கூடும். கருவி இல்லையென்று வருந்தும் மாணாக்கர் அவருடைய புட்டிகளை நினைவாராக.