கொல்லிமலை தந்த மருத்துவர் டாக்டர் பால் பிராண்ட்

செங்கற்பட்டை அடுத்த திருமணி நம் பங்கு மக்களுக்குப் புதிய ஊர் அல்ல. தொழுநோய் என்ற சொல் கேட்டாலே, மாமல்லபுரம் கடற்கரைக் குப்பங்களிலும் உள்நாட்டுக் கிராமங்களிலும் கதவுகள் அடைபட்ட காலம் ஒன்று இருந்தது. அந்நாளில் வீட்டார் கைவிட்டோருக்குப் புகலிடமாய் விளங்கியது திருமணியிலிருந்த லேடி வில்லிங்டன் மருத்துவமனை. 1947-இல் அங்கு வந்த ஓர் இளம் மருத்துவரை இவ்விழா நாளில் நாம் நன்றியோடு நினைக்கிறோம். அவர் கத்தோலிக்கர் அல்லர், பிரிந்த சகோதரர். எனினும் ஆண்டவரின் பிள்ளை.

பால் பிராண்ட் 1914-இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தார். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். 1929-இல் தந்தை மலைக் காய்ச்சலில் இறந்தபோது மகன் அருகில் இல்லை. முதலில் தச்சும் கட்டட வேலையும் கற்று, பின்பே மருத்துவரானார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

மறு ஆண்டு, தொழுநோய் நிபுணர் டாக்டர் காக்ரேன் அவரைச் செங்கற்பட்டுக்கு அழைத்தார். மடங்கிப்போன விரல்களை அங்கே கண்ட பிராண்ட், ஒரு நோயாளியின் கையைப் பற்றி அழுத்தச் சொன்னார். பிடி இரும்பாய் இருந்தது! சில தசைகள் செயலிழந்தாலும் மற்றவை வலுவோடிருப்பதை உணர்ந்தார். முன்கையின் நல்ல தசைநாரை விரலுக்கு மாற்றிப் பொருத்தும் சிகிச்சை இவ்வாறு பிறந்தது. விரல்கள் குறைவது நோய் தின்பதால் அன்று, வலி தெரியாமல் சுட்டுக்கொள்வதாலும் காயப்படுவதாலும்தான் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். உறக்கத்தில் எலி கடித்தும் உணராதோர் இருந்தனர்.

கை நிமிர்ந்தது, மனம் நிமிரவில்லை. வேலை தருவார் இல்லை. நேரான கைக்குப் பிச்சையும் விழவில்லை என்று குறைப்பட்டுத் திரும்பி வந்தார்கள். ஆகவே வேலூரில் நவஜீவ நிலையம் எழுந்தது. அங்கே சிறு குடிசைகளில் தங்கி அவர்கள் தொழில் கற்றார்கள். தாம் பயின்ற தச்சு வேலையைப் பிராண்ட் தாமே கற்றுக்கொடுத்தார்.

ஒருமுறை செபக் கூட்டத்தில் பேசும்படி அவரைக் கேட்டனர். எதிரே இருந்தவர்கள் கைகளை மறைத்து அமர்ந்திருந்தார்கள். அவர் ஆண்டவரின் கைகளைப் பற்றிப் பேசினார்: குழந்தைக் கை, காய்த்துப்போன தச்சன் கை, தொழுநோயாளரைத் தொட்ட கை, ஆணி பாய்ந்து மடங்கிய கை, உயிர்த்த பின்னும் தழும்போடிருந்த கை. கேட்டவர்களின் கைகள் மெல்ல வெளியே வந்து கும்பிட்டன.

அவர் 1966-இல் அமெரிக்கா சென்று, அங்கும் தொழுநோயாளருக்கே உழைத்து, 2003-இல் இறைவனடி சேர்ந்தார். திருமணி மருத்துவமனை 1955-இல் மத்திய அரசின் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாயிற்று. கூட்டு மருந்துச் சிகிச்சையால் தொழுநோய் இன்று ஓராண்டுக்குள் குணமாகிறது.

ஆனால் ஒதுக்கப்படும் வேதனைக்கு மாத்திரை இல்லை. இன்று நம் வீடுகளில் மனச்சோர்வாலும் குடியாலும் தவிப்போர் தங்கள் துயரை அப்படியே மறைத்து வாழ்கின்றனர். மருத்துவரிடம் செல்வது விசுவாசக் குறைவு அன்று. செபம் மருந்துக்குப் பகையும் அன்று. இரண்டும் ஒருவரிடத்தில் சேர்ந்து நின்றதைப் பிராண்டிடம் கண்டோம். அத்தகையோர் வீட்டு வாசலை மிதிக்கவும், அவர்கள் கையைப் பற்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும், இந்த ஜூபிலி ஆண்டில் நமக்கு அருள் தர ஆண்டவரை மன்றாடுவோமாக.