டாக்டர் பட்டம் இல்லாத பேராசிரியர்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் போன் செய்தபோது ஹாஸ்டல் நினைவுகளை எழுதுவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். ஆனால் மெஸ் சாம்பாரைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடிய சீனியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் நம்ம ஜாதியைச் சேர்ந்த, அதாவது கருவி செய்கிற ஜாதியைச் சேர்ந்த, ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுதுகிறேன். வானியல் கருவிகள் செய்பவர்கள் நடுவே ஜேம்ஸ் வெஸ்ட்ஃபால் என்றால் தெரியாதவர்கள் குறைவு.

1930ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். 1954ல் டல்சா பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் இளநிலைப் பட்டம் வாங்கினார். அதற்கு மேல் பட்டம் எதுவும் வாங்கவில்லை. ஓர் எண்ணெய்க் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், 1961ல் நாலு மாத வேலை ஒன்றுக்காக கலிபோர்னியாவில் உள்ள கால்டெக் கல்வி நிலையத்துக்குப் போனார். அந்த நாலு மாதம் முடியவே இல்லை! நிலவையும் வெள்ளியையும் அகச்சிவப்பு ஒளியில் அளக்கக் கருவிகள் செய்தார். கடைசியில் அங்கேயே பேராசிரியராகவும் ஆகிவிட்டார்.

அந்தக் காலத்தில் தொலைநோக்கியின் பின்னால் இருந்தது போட்டோ தகடு. அதில் விழும் நூறு ஒளித்துகள்களில் ஒன்றிரண்டைத்தான் அது பதிவு செய்யும். 1969ல் பெல் ஆய்வகத்தில் பாயிலும் ஸ்மித்தும் சிசிடி என்கிற சிலிக்கான் சில்லைக் கண்டுபிடித்தார்கள். நம்ம ஊரில் கான்கிரீட் போடும்போது வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றுவார்களே, கிட்டத்தட்ட அதே வேலைதான் இதிலும். ஒளி பட்டதும் சிலிக்கானில் எலக்ட்ரான்கள் பிறக்கும். அவற்றைக் கட்டம் கட்டமாகக் கைமாற்றி, ஓரத்தில் கொண்டுவந்து எண்ணுவார்கள். விழுகிற ஒளியில் பாதிக்கு மேல் கணக்கில் வந்துவிடும். இரண்டு மடங்கு ஒளி விழுந்தால் கணக்கும் இரண்டு மடங்காகும். இந்த நேர்மை தகட்டுக்குக் கிடையாது.

பின்னாளில் ஹப்பிள் என்று பெயர் பெற்ற விண்வெளித் தொலைநோக்கிக்குக் கேமரா செய்ய நாசா ஆள் தேடியபோது, வெஸ்ட்ஃபால் முதலில் ஆர்வம் காட்டவில்லை. சக வானியலாளர் ஜிம் கன்தான் விடாப்பிடியாக நின்று அவரை இழுத்து வந்தார். 1977ல் வேலை இவர்கள் குழுவுக்குக் கிடைத்தது; தலைமை வெஸ்ட்ஃபாலுக்கு. மொத்தம் எட்டு சில்லுகள், ஒவ்வொன்றிலும் 800க்கு 800 கட்டங்கள். அவற்றை மைனஸ் 80 டிகிரிக்கும் கீழே குளிர வைக்க வேண்டும். சிலிக்கானுக்குப் புற ஊதா ஒளி சரியாகத் தெரியாது என்பதால், அதைப் பச்சை ஒளியாக மாற்றும் கொரொனீன் என்ற பொருளை மேலே மெல்லிய பூச்சாகப் பூசினார்கள். சில்லுகளின் உணர்திறன் நிலையாக நிற்கவில்லை என்று தெரிந்ததும், வெளியிலிருந்து சூரியனின் புற ஊதா ஒளியை உள்ளே கொண்டுவர ஒரு குழாய் வழி அமைத்தார்கள். ஒன்றைச் சரி பண்ணினால் இன்னொன்று முளைக்கும் என்பது லேபில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்தானே.

இதற்கிடையில் கன்னும் இவரும் பாலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கிக்கும் சிசிடி கருவி செய்து கொடுத்தார்கள். திரும்பி வந்துகொண்டிருந்த ஹேலி வால்நட்சத்திரத்தை 1982 அக்டோபரில், அது சனிக்கிரகத்தின் பாதைக்கும் அப்பால் இருந்தபோதே, அங்கேதான் முதலில் கண்டுபிடித்தார்கள்.

ஹப்பிள் 1990 ஏப்ரல் 24 அன்று விண்ணுக்குப் போனது. 13 வருட உழைப்பு. மே மாதம் முதல் படம் வந்தது. ஜூனில் விஷயம் வெளியே வந்தது. தொலைநோக்கியின் பெரிய கண்ணாடி ஓரத்தில் 2 மைக்ரான் அளவு தப்பாகத் தேய்க்கப்பட்டிருந்தது. கண்ணாடியைச் சோதித்த கருவியிலேயே ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் இடம் மாறியிருந்ததாம். கண்ணாடி செய்தது வேறு நிறுவனம். கேமராவில் குறை இல்லை. ஆனாலும் படம் மங்கல். என் வேலையிலும், நான் செய்த போர்டு சரியாக இருந்தும் பக்கத்துப் பெட்டியில் வந்த கோளாறால் மொத்த சிஸ்டமும் படுத்துக்கொண்ட நாட்கள் உண்டு. அந்த வயிற்றெரிச்சலை ஆயிரம் மடங்காக்கிப் பாருங்கள்.

அங்கேதான் சிலிக்கானின் நேர்மை கைகொடுத்தது. மங்கலான நட்சத்திரத்தின் ஒளியையும் கேமரா ஒழுங்காக எண்ணி வைத்திருந்ததால், அந்தப் படங்களிலிருந்தே கண்ணாடியின் பிழை எவ்வளவு என்று கணக்கிட முடிந்தது. கேமராவுக்குள் இருந்த சிறு கண்ணாடிகளில் எதிர்ப்பிழையைத் தேய்த்து வைத்தால் சரியாகிவிடும் என்றும் தெரிந்தது. ஜான் டிராகர் தலைமையில் உருவாகிக்கொண்டிருந்த இரண்டாவது கேமராவில் அப்படியே செய்தார்கள். அந்தக் குழுவில் வெஸ்ட்ஃபாலும் இருந்தார். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினார்கள். ஹப்பிளின் புகழ்பெற்ற படங்கள் பல அதற்குப் பிறகு வந்தவை.

வெஸ்ட்ஃபால் 1994 முதல் 1997 வரை பாலோமர் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தார். கொதிக்கும் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றின் துளைக்குள் ஒரு சின்ன வீடியோ கேமராவை இறக்கிப் பார்த்த குழுவிலும் அவர் இருந்தார். 2004ல் காலமானார்.

கீழே கொண்டுவந்த அவரது பழைய பெட்டி வீணாகவில்லை. அதன் வெளிக்கூட்டையும் வடிகட்டிகளை மாற்றும் அமைப்பையும் வைத்தே இன்னொரு புதிய கேமரா செய்தார்கள். 2009 மே மாதம், அவர் போய் ஐந்து வருடம் கழித்து, அது மறுபடியும் ஹப்பிளில் ஏறியது.

அரியர் வைத்திருக்கும், மேற்படிப்பு கிடைக்காத தம்பி தங்கைகளே, பட்டம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை, முடிந்தால் வாங்குங்கள். ஆனால் நீங்கள் செய்கிற பொருள் எண்ணுவதைச் சரியாக எண்ணட்டும். அடுத்தவன் தப்பு செய்தாலும், அதைத் திருத்த உங்கள் கணக்கு உதவும்.