ஜி. டி. நாயுடு

ஜி. டி. நாயுடு (மார்ச் 23, 1893 - ஜனவரி 4, 1974) தமிழ்நாட்டின் கோயம்புத்தூரைச் சேர்ந்த புத்தாக்குநரும் தொழிலதிபரும் ஆவார். இவரது முழுப்பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. பேருந்துப் போக்குவரத்து, மின்கருவிகள், வேளாண்மை, தொழிற்கல்வி எனப் பல துறைகளில் ஈடுபட்டவர். குறைந்த விலையில் சிறிய தானுந்து ஒன்றையும் வடிவமைத்தார்.

இளமை

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் எனும் சிற்றூரில் வேளாண் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பில் நாட்டமின்றி அதனை இடையிலேயே கைவிட்டார். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிள் இவரது வாழ்வின் திசையை மாற்றியது. அத்தகைய வண்டியை வாங்குவதற்காகக் கோயம்புத்தூர் உணவகம் ஒன்றில் பணியாற்றிப் பணம் சேர்த்தார். வாங்கிய வண்டியைப் பகுதி பகுதியாகப் பிரித்து மீண்டும் பொருத்தி, அதன் இயக்கத்தைத் தாமாகவே கற்றுக்கொண்டார்.

பேருந்துத் தொழில்

1920 இல் ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். இத்தொழில் வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் (யு.எம்.எஸ்.) எனும் பெரிய போக்குவரத்து நிறுவனமாயிற்று.

கண்டுபிடிப்புகள்

1937 இல் டி. பாலசுந்தரத்துடன் இணைந்து மின்மோட்டார் ஒன்றை உருவாக்கினார். இதுவே இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார் எனக் குறிப்பிடப்படுகிறது. உலர் மின்கலத்தில் இயங்கும் 'ரேசண்ட்' சவரக் கருவி, மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் இயங்கும் விசிறி, வாக்குப் பதிவு இயந்திரம் ஆகியவை இவரது பிற ஆக்கங்கள். ஒளிப்படக் கலையிலும் ஆர்வம் கொண்டிருந்த இவர், 1936 இல் இலண்டனில் நடைபெற்ற ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படமெடுத்தார்.

இரண்டாயிரம் ரூபாய் தானுந்து

1952 இல் இருவர் அமரக்கூடிய பெட்ரோல் தானுந்தை உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாய். அக்காலத்தில் 1951 ஆம் ஆண்டின் தொழிற்துறை (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தின்படி, தானுந்துத் தயாரிப்புக்கு அரசின் உரிமம் தேவைப்பட்டது. அவ்வுரிமம் இவருக்கு வழங்கப்படவில்லை. வண்டி இயங்கும் நிலையில் இருந்தும் தொழிற்சாலை உற்பத்தியை எட்டாமலே திட்டம் கைவிடப்பட்டது.

கல்விப் பணி

1945 இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியல் கல்லூரியும் தோன்றக் காரணமாக இருந்தார். ஆர்தர் ஹோப் அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆவார். நான்காண்டுப் பொறியியல் படிப்பு காலவிரயம் என்றும், செய்முறைப் பயிற்சியுடன் இரண்டாண்டுகளே போதும் என்றும் நாயுடு கருதினார். அரசு இதனை ஏற்காததால் முதல்வர் பொறுப்பிலிருந்து விலகினார். அக்கல்லூரியே தற்போதைய கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாகும்.

மறைவும் நினைவும்

1974 சனவரி 4 அன்று காலமானார். கோயம்புத்தூரில் இவரது கண்டுபிடிப்புகளைக் கொண்ட நிலையான கண்காட்சியும், 2015 இல் திறக்கப்பட்ட ஜீடி தானுந்து அருங்காட்சியகமும் உள்ளன. 2025 இல் திறக்கப்பட்ட அவிநாசி சாலை மேம்பாலத்திற்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.