அழகப்பர் கண்ட ஆராய்ச்சி நிலையம்

தேனியிலிருந்து தென்மேற்காகச் செல்வோர்க்கு, ஏலமலைக்கும் மேகமலைக்கும் இடையே பசுமை போர்த்துக் கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்குப் புலப்படும். பென்னிகுயிக் என்னும் பொறியாளர் கட்டிய பெரியாற்று அணையின் நீர், 1895 ஆம் ஆண்டு முதல், மலையைக் குடைந்தமைத்த சுரங்கத்தின் வழியே இப்பள்ளத்தாக்கினுள் இறங்குகிறது. நெல் வயல்களை நனைத்து, வையையொடு கலந்து, மதுரை நோக்கிச் செல்கிறது. மலையடியில் உள்ள லோயர் கேம்ப்பில் அந்நீர் நான்கு பெருங்குழாய்களின் வழியே வீழ்ந்து மின்சாரமும் தருகிறது.

நீர் பாய்ந்த நிலத்தில் என்ன விளையும் என்பதைக் கம்பத்து உழவர் நன்கு அறிவர். மின்சாரம் பாய்ந்த பொருளில் என்ன விளையும்? உப்புக் கரைசலில் அதனைச் செலுத்தினால் சோடாக் காரமும் குளோரின் வாயுவும் கிடைக்கின்றன. உருக்கிய உப்புக் குழம்பில் அலுமினாவைக் கரைத்துச் செலுத்தினால் அலுமினியம் பிரிகிறது. வெள்ளி கலந்த கரைசலில் செலுத்தினால் செம்பின்மேல் வெள்ளி முலாம் படிகிறது. மின்சாரத்தையும் பொருள்களின் மாற்றத்தையும் இவ்வாறு இணைத்து ஆராயும் அறிவுத்துறை மின்வேதியியல் எனப்படும். இத்துறைக்கென இந்தியாவில் ஒரு தேசிய ஆராய்ச்சி நிலையம் தோன்றியபோது, அது அருவி வீழும் மலையடியில் எழவில்லை. ஆலைகள் நிறைந்த மாநகரிலும் எழவில்லை. மழையை நம்பிக் கண்மாய்க் கரையில் காத்திருக்கும் செட்டிநாட்டில், காரைக்குடியில் எழுந்தது. அதனை அங்கே கொணர்ந்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார் ஆவார்.

அழகப்பர் 1909 ஆம் ஆண்டு ஏப்ரல் 6 ஆம் நாள் காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் நகரத்தார் குடியில் தோன்றினார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்றார், இங்கிலாந்து சென்று சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார். விமானம் ஓட்டவும் அங்கே கற்றுக்கொண்டார். கடல் கடந்து சென்று வட்டித் தொழில் நடத்துவதே அக்காலத்தில் அவர் குலத்தோர் பெரிதும் மேற்கொண்ட வழக்கம். அழகப்பரோ புதுத் தொழில்களில் துணிந்து இறங்கினார். கேரளத்தில் நூற்பாலையும், மலேயாவில் இரப்பர்த் தோட்டமும், பர்மாவில் வெள்ளீயச் சுரங்கமும் அவருக்கு உரியவாயின. காப்புறுதித் தொழிலிலும் திரைப்படக் கொட்டகைகளிலும் முதலிட்டார். ஜூபிட்டர் என்னும் பெயரால் விமானப் போக்குவரத்தும் நடத்தினார். ஆங்கில அரசு அளித்த சர் பட்டத்தை, நாடு விடுதலை பெற்றதும் துறந்துவிட்டார்.

இரண்டாம் உலகப் போர் இந்நாட்டினர்க்கு ஓர் உண்மையை உணர்த்தியது. கப்பல்களின் வரவு குறைந்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த இரசாயனங்களுக்கும் உலோகங்களுக்கும் இயந்திர உறுப்புகளுக்கும் பெருந்தட்டுப்பாடு தோன்றியது. பஞ்சு நம் நிலத்தில் விளைந்தது. பஞ்சினை நூற்கும் இயந்திரமோ, நூலினை வெளுக்கும் காரமோ பெரும்பாலும் கடல் கடந்தே வரவேண்டியிருந்தது. செட்டிநாட்டிற்கு இழப்பு இன்னும் பெரிது. 1942 ஆம் ஆண்டில் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும், தலைமுறை தலைமுறையாக நகரத்தார் அங்கே இட்ட முதல் முடங்கிற்று. மாளிகைகள் நின்றன, அவற்றை எழுப்பிய வருவாய் நின்றுபோயிற்று.

இந்நிலையில் அழகப்பர் தம் பொருளைத் தொழிற்கல்வியின் பக்கம் திருப்பினார். 1944 ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் கிண்டியில் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரிக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வழங்கினார். அக்கல்லூரி அவர் பெயராலேயே வழங்குகிறது. வேதிப் பொறியியல், நெசவுத் தொழில்நுட்பம், தோல் தொழில்நுட்பம் ஆகிய மூன்றும் அங்கே கற்பிக்கப்பட்டன. ஆலைக்கு வேண்டிய அறிவைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக வளர்த்தல் வேண்டும் என்னும் நோக்கம், பாடங்களைத் தெரிந்தெடுத்த முறையிலேயே விளங்கும்.

மூன்றாண்டுகள் கழிந்தன. 1947 ஆம் ஆண்டு ஜூலை 3 ஆம் நாள் அன்னி பெசண்டு அம்மையாரின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலட்சுமணசுவாமி முதலியார், நகரங்களுக்கு வெளியே கல்லூரிகளை நிறுவச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று அவ்விழாவில் வேண்டினார். அவையில் இருந்த அழகப்பர் அப்போதே காரைக்குடியில் கல்லூரி அமைக்க இசைந்து, ஓர் இலட்சம் ரூபாய் அறிவித்தார். வாக்களிப்பது எளிது; கல்லூரி நடத்துவதற்குக் கட்டடமும் ஆசிரியரும் நூலகமும் வேண்டும். ஆயினும் ஆகஸ்டு மாதத்திலேயே, காந்தி மாளிகை என்னும் கட்டடத்தில், வகுப்புகள் தொடங்கிவிட்டன.

அதே காலத்தில், 1942 இல் அமைக்கப்பெற்ற அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம், சாந்தி சுவரூப் பட்நாகர் தலைமையில் நாடெங்கும் தேசிய ஆய்வுக்கூடங்களை நிறுவத் திட்டமிட்டது. ஒவ்வொன்றிற்கும் இடம் தேர்ந்ததில் ஒரு பொருத்தம் இருந்தது. உலோக ஆய்வுக்கூடம் எஃகு ஆலை உள்ள ஜாம்ஷெட்பூருக்குச் சென்றது. தோல் ஆராய்ச்சி நிலையம் தோல் பதனிடும் தொழில் மிகுந்த சென்னைக்கு வந்தது. இவ்வாறு நோக்கின், மின்வேதியியல் நிலையத்திற்குக் காரைக்குடி பொருந்திய இடமாகத் தோன்றாது. அங்கே பேராறு இல்லை, துறைமுகம் இல்லை, பேராலைகளும் இல்லை.

இக்குறைகளுக்கு ஈடாக அழகப்பர் 300 ஏக்கர் நிலத்தையும் 15 இலட்சம் ரூபாயையும் அளித்தார். அறிஞர் குடியேறத்தக்க சூழலையும் உடன் உருவாக்கினார். வறண்ட நிலத்தில் ஆய்வுக்கூடத்தை மட்டும் தனியே நட்டால் அது பட்டுப்போகும் அன்றோ? ஆராய்ச்சி செய்ய வருவோர் தம் பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும்; ஆய்வுக்கூடத்திற்கு ஆண்டுதோறும் புதிய மாணவர் வேண்டும். ஆகவே மழலையர் பள்ளி முதலாக ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி, பெண்கள் கல்லூரி, பல தொழிற் பயிற்சிப் பள்ளி ஆகியன ஒன்றையடுத்து ஒன்றாக எழுந்தன. 1952 ஆம் ஆண்டில் பொறியியற் கல்லூரியும் தோன்றியது. புதர் மண்டிக் கிடந்த செம்மண் நிலம் கல்வி நகராக மாறியது.

1948 ஆம் ஆண்டு ஜூலை 25 ஆம் நாள், தலைமை அமைச்சர் ஜவாஹர்லால் நேரு காரைக்குடிக்கு வந்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திற்கு அடிக்கல் நாட்டினார். 1953 ஆம் ஆண்டு ஜனவரி 14 ஆம் நாள், பொங்கலையொட்டி, குடியரசுத் துணைத்தலைவர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்துவைத்தார். ஊரார் அதனைச் சுருக்கமாகச் சிக்ரி என்பர்.

அந்நிலையத்தின் பணிகளுள் ஒன்றைச் சற்று விரிவாகக் காண்போம். இரும்பு துருப்பிடிப்பதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். ஈரம் பட்ட இரும்பின் மேற்பரப்பில் ஓரிடம் நேர்மின்வாயாகவும், மற்றோரிடம் எதிர்மின்வாயாகவும் அமைந்து, கண்ணுக்குப் புலனாகாத சிறு மின்கலங்கள் எண்ணிறந்தன தோன்றுகின்றன. ஒருபால் இரும்பு கரைகிறது, மறுபால் காற்றிலுள்ள ஆக்சிஜன் வினைப்படுகிறது, துரு விளைகிறது. நீரில் உப்பு இருப்பின் மின்னோட்டம் எளிதாகி, அரிப்பு விரைவு பெறும். எனவே பாம்பன் பாலம் போன்ற கடலோர இரும்புக் கட்டுமானங்களுக்கு ஓயாத காவல் தேவைப்படுகிறது. இவ்வரிப்பினை ஆராய்வதற்கெனவே நிலையத்தார் மண்டபத்தில் கடற்கரையோரமாக ஒரு கிளையை அமைத்தனர். உலோகத் தகடுகளை நிறுத்துக் குறித்துக்கொண்டு உப்புக் காற்றில் வைத்துவிடுவர். குறித்த காலம் சென்றபின் எடுத்துத் துருவைப் போக்கி மீண்டும் நிறுப்பர். குறைந்த எடையே காற்று உண்ட இரும்பின் அளவு.

மக்னீசியம் உலோகத்தைப் பிரித்தெடுக்கும் முறை குறித்தும் அங்கே ஆராய்ச்சி நடந்தது. சோடாக் கார ஆலைகளில் தேய்ந்துபோகும் கரி மின்வாய்களுக்கு மாற்றாக டைட்டேனிய மின்வாய்களையும் உருவாக்கினர்.

இவற்றின் பயனைக் காணும் அளவிற்கு அழகப்பரின் வாழ்நாள் நீளவில்லை. இளமை முதலே தீரா நோயொன்று அவரை வருத்தியது. கொடையினால் செல்வமும் சுருங்கியது. தாம் குடியிருந்த மாளிகையையே பெண்கள் கல்லூரிக்கு அளித்தார். 1956 ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்ம பூஷண் விருது வழங்கியது. 1957 ஆம் ஆண்டு ஏப்ரல் 5 ஆம் நாள் அவர் மறைந்தார். மறுநாள் அவர்க்கு நாற்பத்தெட்டு ஆண்டுகள் நிறைந்திருக்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விடுதல் தகாது. ஆராய்ச்சி நிலையம் வந்தும், காரைக்குடி கோயம்புத்தூரைப் போன்ற தொழில் நகராகிவிடவில்லை. ஆய்வுக்கூடத்தில் கண்ட முறைகளுட் பல, தொலைவிலுள்ள ஆலைகளுக்கே சென்று பயன்பட்டன. ஆனால் கல்வி வேரூன்றியது. 1985 ஆம் ஆண்டில் அழகப்பர் பெயரால் அங்கே ஒரு பல்கலைக்கழகமே அமைந்தது. ஆராய்ச்சி நிலையத்தினுள்ளேயே வேதியியல் மின்வேதியியல் பொறியியல் பட்டப்படிப்பும் தொடங்கப்பெற்றது.

இப்போது தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் பல சுழல்கின்றன. கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் மின்சாரம் பெருகும். காற்று ஓய்ந்தால் குறையும். பெருகிய காலத்து மின்சாரத்தைச் சேமித்து வைக்க மின்கலங்கள் வேண்டும். இலித்தியம் மின்கலங்களுக்குரிய பொருள்களை ஆராயும் இடங்களுள் ஒன்று, அழகப்பர் அளித்த அந்த 300 ஏக்கர் நிலத்தில் இருக்கிறது.