அன்னா மக்னானி

அன்னா மக்னானி (மார்ச் 7, 1908 - செப்டம்பர் 26, 1973) புகழ்பெற்ற இத்தாலிய மேடை, திரைப்பட, தொலைக்காட்சி நடிகை ஆவார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியில் தோன்றிய புதிய யதார்த்தவாதத் திரைப்படங்களின் முதன்மை முகங்களுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். சிறந்த நடிகைக்கான அகாதமி விருதைப் பெற்ற முதல் இத்தாலியப் பெண்மணி இவரே.

இளமை

ரோம் நகரில் பிறந்த இவர் தந்தையை அறியாமல் வளர்ந்தார். தாய் எகிப்துக்குச் சென்றுவிட்டதால் பாட்டியின் பராமரிப்பில் இருந்தார். ரோமில் நாடகக் கலை பயின்று, இரவு விடுதிகளிலும் நகைச்சுவை மேடைகளிலும் பாடி நடித்தார். 1934 இல் திரைப்படத்தில் அறிமுகமானார். இயக்குநர் கோஃப்ரெதோ அலெஸ்ஸாந்திரினியை மணந்தார். பின்னர் இருவரும் பிரிந்தனர். 1942 இல், நடிகர் மாசிமோ செராத்தோவின் மூலம் ஒரு மகனைப் பெற்றார். அக்குழந்தை இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டது. மகனைத் தனியே வளர்க்கும் பொறுப்பு இவரையே சார்ந்தது.

திரைப்படங்கள்

அக்காலக் கதாநாயகிகளுக்குரிய ஒப்பனை அழகு இவரிடம் இல்லாததால், பத்தாண்டுக் காலம் பெரும்பாலும் துணை வேடங்களே கிடைத்தன. ராபர்ட்டோ ரோசலினி இயக்கிய ரோம், திறந்த நகரம் (1945) இந்நிலையை மாற்றியது. நாசிப் படையினர் பிடித்துச் செல்லும் தன் வருங்காலக் கணவனின் வண்டிக்குப் பின்னால் ஓடிச் சுட்டுக் கொல்லப்படும் பீனா என்னும் ஏழைப் பெண்ணாக இவர் நடித்தார். உலகத் திரைப்பட வரலாற்றில் மிகவும் அறியப்பட்ட காட்சிகளுள் இதுவும் ஒன்று. அப்போது இவருக்கு வயது 37.

1947 இல் வெனிசுத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான விருது பெற்றார். லூக்கினோ விஸ்கோந்தியின் பெல்லிஸ்ஸிமா (1951), ழான் ரெனுவாரின் பொன் வண்டி (1952) ஆகியவை இவரது குறிப்பிடத்தக்க படங்களாகும்.

அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ் இவரை மனதிற்கொண்டே தி ரோஸ் டாட்டூ நாடகத்தை எழுதினார். ஆங்கிலத்தில் போதிய பயிற்சி இல்லாமையால் இவர் மேடையில் அவ்வேடத்தை ஏற்கவில்லை. ஆயினும் 1955 இல் வெளியான அதன் திரை வடிவத்தில் நடித்து அகாதமி விருதை வென்றார். 1958 இல் பெர்லின் விழாவில் வெள்ளிக் கரடி விருதும் கிடைத்தது.

தொலைக்காட்சி

பசோலினியின் மம்மா ரோமா (1962) படத்திற்குப் பின் இவருக்கு ஏற்ற வேடங்கள் அருகின. நடுத்தர வயதுப் பெண்களை மையமாகக் கொண்ட கதைகளைத் திரைப்படத் துறை அரிதாகவே உருவாக்கியது. இக்குறையைத் தொலைக்காட்சி ஓரளவு நீக்கியது. 1971 இல் அல்ஃப்ரெதோ ஜன்னெத்தி இத்தாலியத் தொலைக்காட்சிக்காக இயக்கிய மூன்று பெண்கள் என்ற தொடரின் படங்களில் இவர் வெவ்வேறு மாந்தராக நடித்தார். புகழ் மங்கிய பாடகியாகப் போர்முனை வீரர்கள் முன் பாடும் வேடமும், கார் வாங்கும் வயது முதிர்ந்த விலைமகளின் வேடமும் அவற்றுள் அடங்கும்.

மறைவு

ஃபெடரிக்கோ ஃபெலினியின் ரோமா (1972) படத்தில், இரவில் வீடு திரும்பும் அன்னா மக்னானியாகவே சிறிது நேரம் தோன்றினார். அதுவே இவரது கடைசித் திரைத் தோற்றமாகும். கணையப் புற்றுநோயால் 1973 இல் ரோமில் காலமானார். பெருந்திரளான மக்கள் இறுதி ஊர்வலத்தில் கூடினர். முதலில் ரோசலினி குடும்பத்தின் கல்லறையில் வைக்கப்பட்ட இவரது உடல், பின்னர் சான் ஃபெலிச்சே சிர்ச்சேயோ என்னும் கடலோர ஊரில் அடக்கம் செய்யப்பட்டது.