யமன் சென்ற இளைஞர்
ஹளரத் முஆது இப்னு ஜபல் (ரலி) அவர்களின் வாழ்வும் பணியும்

மார்க்கப் பணிக்காகப் பிறந்த மண்ணை விட்டுப் போகும் இளைஞனுக்கு இரண்டு பொறுப்புகள் உண்டு. போகுமிடத்து மக்களுக்குத் தீனைக் கற்றுக் கொடுப்பது ஒன்று. அங்கே தன்னைத் தானே திருத்திக் கொள்வது மற்றொன்று. முதலாவதை எல்லோரும் பார்க்கிறார்கள். இரண்டாவதை அல்லாஹ்வும் அந்த இளைஞனும் மட்டுமே அறிவார்கள். இவ்விரண்டிலும் நமக்கு முன்மாதிரியாக விளங்குபவர்கள், பெருமானார் (ஸல்) அவர்களால் யமன் நாட்டுக்கு அனுப்பப்பட்ட ஹளரத் முஆது இப்னு ஜபல் (ரலி) அவர்கள்.

பதினெட்டு வயதில்

முஆது (ரலி) அவர்கள் மதீனாவின் கஸ்ரஜ் கோத்திரத்தைச் சேர்ந்தவர்கள். இஸ்லாத்தைத் தழுவியபோது அவர்களுக்கு வயது பதினெட்டு என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஹிஜ்ரத்துக்குச் சற்று முன்பு, கி.பி. 622ல் நடந்த இரண்டாம் அகபா உடன்படிக்கையில் பெருமானாரின் திருக்கரம் பற்றி வாக்களித்த எழுபதுக்கும் மேற்பட்டவர்களில் அவர்களும் ஒருவர்.

ஊர் திரும்பியதும் இளமைத் துடிப்பு அவர்களைச் சும்மா இருக்க விடவில்லை. பனூ ஸலிமா கூட்டத்தின் பெரியவர் அம்ரிப்னுல் ஜமூஹ் தம் வீட்டில் மரச் சிலை ஒன்றை வைத்து வணங்கி வந்தார். முஆதும் அம்ருடைய சொந்த மகனும் வேறு சில வாலிபர்களும் இரவோடு இரவாக அதைத் தூக்கிச் சென்று குப்பைக் குழியில் தலைகீழாகப் போட்டு வந்தார்கள். பெரியவர் காலையில் தேடி எடுத்துக் கழுவி நறுமணம் பூசி வைப்பார். மறு இரவும் அதே கதை நடக்கும். தன்னைக் காத்துக் கொள்ள முடியாத ஒன்று தன்னைக் காக்குமா என்ற எண்ணம் ஒருநாள் பெரியவர் உள்ளத்தில் உதித்தது. அவரும் இஸ்லாத்துக்கு வந்தார். பின்னர் உஹதுப் போரில் ஷஹீதானார்.

குர்ஆன் ஷரீஃபை யாரிடம் கற்றுக் கொள்ள வேண்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் பெயர் குறிப்பிட்டுச் சொன்ன நால்வரில் முஆது (ரலி) அவர்களும் ஒருவர். ஹலால், ஹராம் பற்றிய அறிவில் உம்மத்தில் மிகச் சிறந்தவர் என்ற பாராட்டும் அவர்களுக்கே கிடைத்தது. ஹிஜ்ரி 8ல் மக்கா வெற்றி கொள்ளப்பட்டபின், அங்கே புதிதாகத் தீனுக்கு வந்தவர்களுக்குக் கற்றுக் கொடுக்க அவர்களைத்தான் பெருமானார் விட்டுச் சென்றார்கள்.

ஒரு கண்டிப்பு

இத்தனை அறிவும் சிறப்பும் பெற்றிருந்த அந்த இளைஞருக்கு ஒரு பாடம் பாக்கி இருந்தது.

முஆது (ரலி) அவர்கள் இஷாவைப் பெருமானாருடன் தொழுதுவிட்டுத் தம் கூட்டத்தாரிடம் சென்று அவர்களுக்கு இமாமாக நின்று தொழ வைப்பார்கள். ஒருநாள் இரவு, குர்ஆனிலேயே மிக நீண்ட அத்தியாயமான அல்பகராவை ஓதத் தொடங்கிவிட்டார்கள். பின்னால் நின்றவர்களில் ஒருவர், பகலெல்லாம் ஒட்டகங்களைக் கொண்டு நீர் இறைத்துப் பாய்ச்சிவிட்டு வந்த உழைப்பாளி. அவருக்கு நிற்க முடியவில்லை. ஜமாஅத்தை விட்டு விலகித் தனியாகத் தொழுதுவிட்டுப் போய்விட்டார். இதையறிந்த முஆது (ரலி) அவர்கள் அவரை முனாஃபிக் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வார்த்தை அவர் மனத்தைச் சுட்டது. நேரே பெருமானாரிடம் சென்று முறையிட்டார்.

பெருமானார் (ஸல்) அவர்கள் கடிந்து கொண்டது அந்த உழைப்பாளியை அல்ல, தம் அன்புக்குரிய மாணவரைத்தான். மக்களைக் குழப்பத்தில் ஆழ்த்துகிறீரா என்று மும்முறை கேட்டார்கள். பின்னால் முதியவரும் பலவீனரும் அலுவல் உள்ளவரும் நிற்கிறார்கள் என்பதை நினைவூட்டி, ஸப்பிஹிஸ்ம, வஷ்ஷம்ஸி, வல்லைலி போன்ற அளவான சூராக்களை ஓதும்படி கற்றுக் கொடுத்தார்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது முஆது (ரலி) அவர்களின் பண்பு. பலர் அறியக் கண்டிக்கப்பட்டும் அவர்கள் முகம் சுளிக்கவில்லை, பள்ளியை விட்டு ஒதுங்கவுமில்லை. பெருமானாரின் அன்பும் குறையவில்லை. அவர்கள் கையைப் பிடித்துக் கொண்டு தாம் அவரை நேசிப்பதாக நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதும், ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் அல்லாஹ்வை நினைவுகூரவும், அவனுக்கு நன்றி செலுத்தவும், அழகிய முறையில் வணங்கவும் அவனிடமே உதவி தேடும்படி ஒரு துஆவைக் கற்றுக் கொடுத்ததும் ஹதீஸ் நூல்களில் உள்ளன. இன்றும் நம் இல்லங்களில் தொழுகைக்குப்பின் பலர் ஓதி வரும் துஆ அது.

புறப்பாடு

முஆது (ரலி) அவர்கள் இளகிய கையுடையவர்கள். கேட்டவர்க்கெல்லாம் கொடுத்துக் கொடுத்துக் கடனில் மூழ்கிவிட்டார்கள். முடிவில் அவர்கள் சொத்து விற்கப்பட்டுக் கடன்காரர்களுக்குப் பங்கிடப்பட்டது. கையில் ஒன்றுமில்லாத அந்த நிலையில்தான், ஹிஜ்ரி 9 அல்லது 10ல், யமனுக்குப் போகும் பொறுப்பு அவர்களுக்குக் கிடைத்தது. அப்போது வயது முப்பதைத் தாண்டவில்லை.

மதீனாவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவு. முஆது வாகனத்தில் அமர்ந்திருக்க, பெருமானார் (ஸல்) அவர்கள் உபதேசித்தபடி பக்கத்தில் நடந்தே வந்து வழியனுப்பினார்கள். இந்த ஆண்டுக்குப்பின் நாம் சந்திக்காமல் போகலாம், நீர் வந்து காண்பது என் பள்ளியையும் என் கப்ரையும்தானோ என்னவோ என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னபோது முஆது (ரலி) அவர்கள் தாங்க மாட்டாமல் அழுதார்கள். அவ்வாறே நடந்தும்விட்டது. அவர்கள் மதீனா திரும்பியபோது பெருமானார் இவ்வுலகில் இல்லை.

அன்று பெற்ற உபதேசங்கள் எல்லா அழைப்பாளர்களுக்கும் உரியவை. வேதம் வழங்கப்பட்ட மக்களிடம் போகிறீர். முதலில் கலிமாவுக்கு அழையும். அதை ஏற்றால் ஐவேளைத் தொழுகையைச் சொல்லும். அதையும் ஏற்றால், அவர்களின் செல்வந்தரிடம் பெற்று அவர்களின் ஏழைகளுக்கே வழங்கப்படும் ஸக்காத்தைச் சொல்லும். அவர்கள் பொருளில் சிறந்ததாகப் பார்த்துப் பொறுக்கி எடுக்காதீர். அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்கு அஞ்சும் என்பது அவற்றின் சாரம். யமனின் மற்றொரு பகுதிக்கு அனுப்பப்பட்ட அபூமூஸல் அஷ்அரி (ரலி) அவர்களையும் சேர்த்து, இருவரும் மக்களுக்கு எளிதாக்க வேண்டும், கடினமாக்கக் கூடாது, நற்செய்தி சொல்ல வேண்டும், வெறுப்பூட்டக் கூடாது, தமக்குள் ஒத்துப் போக வேண்டும் என்றும் பணித்தார்கள்.

தீர்ப்பளிக்கும் முறையைப் பற்றிய உரையாடலும் சட்ட நூல்களில் பெரிதும் பேசப்படுகிறது. அல்லாஹ்வின் வேதத்தைக் கொண்டும், அதில் கிடைக்காவிடில் நபிவழியைக் கொண்டும், அதிலும் கிடைக்காவிடில் முயன்று சிந்தித்தும் தீர்ப்பளிப்பதாக முஆது (ரலி) அவர்கள் சொல்ல, பெருமானார் மகிழ்ந்து அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள்.

யமனில் அன்றாட வாழ்வு

யமனில் தஇஸ் நகருக்கு அருகிலுள்ள ஜனத் என்னும் ஊர் முஆது (ரலி) அவர்களின் பணிக்களமாயிற்று. அங்குள்ள பழம்பெரும் பள்ளிவாசல் அவர்களால் அமைக்கப்பட்டது என்றே யமன் மக்கள் போற்றி வருகிறார்கள். ஓரிடத்தில் தங்கிவிடாமல் யமன் பகுதிகளிலும் ஹளரமவ்த் பக்கமும் சுற்றிச் சுற்றிக் கற்றுக் கொடுத்தார்கள்.

யமன்வாசியான அம்ரிப்னு மைமூன் என்ற தாபிஈ, முஆது (ரலி) அவர்கள் வந்து சேர்ந்ததையும், ஃபஜ்ரு நேரத்தில் கனத்த குரலில் ஒலித்த அவர்களுடைய தக்பீரையும் நினைவுகூர்ந்திருக்கிறார். அக்குரலைக் கேட்டு உள்ளம் பறிகொடுத்தவர், பின்னர் ஷாம் நாட்டில் அவர்களை அடக்கம் செய்யும் வரை பிரியவில்லை. ஒரு ஃபஜ்ரில் அன்னிஸா அத்தியாயத்தை ஓதிய முஆது (ரலி) அவர்கள், இப்ராஹீம் (அலை) அவர்களை அல்லாஹ் உற்ற நண்பராக்கிக் கொண்டதைச் சொல்லும் ஆயத்தை அடைந்தார்கள். பின்னால் நின்ற ஒருவர் தம்மையறியாமல், இப்ராஹீமைப் பெற்ற தாயின் கண் குளிர்ந்திருக்குமே என்று சொல்லிவிட்டாராம். புதிதாகத் தீனுக்கு வந்த மக்கள் எத்தனை வெள்ளை உள்ளத்தோடு குர்ஆனைக் கேட்டார்கள் என்பதை இது காட்டுகிறது.

தனிமை தெரியாதிருக்கத் தோழமையும் இருந்தது. எல்லைப் பக்கம் செல்லும்போதெல்லாம் அபூமூஸாவும் முஆதும் ஒருவரையொருவர் சந்தித்துக் கொள்வார்கள். ஒருமுறை குர்ஆன் ஓதும் வழக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அபூமூஸா (ரலி) அவர்கள் நின்றும் இருந்தும் பயணத்திலும் சிறுகச் சிறுக ஓதுவதாகச் சொன்னார்கள். முஆது (ரலி) அவர்களோ, இரவின் முற்பகுதியில் உறங்கி எழுந்து பிறகு ஓதுவதாகவும், நின்று வணங்குவதற்குக் கூலியை எதிர்பார்ப்பது போலவே அந்த உறக்கத்துக்கும் அல்லாஹ்விடம் கூலியை எதிர்பார்ப்பதாகவும் சொன்னார்கள். களைத்தவர் பின்னால் நிற்பதைக் கருதாமல் அல்பகரா ஓதியவர்கள் உடலுக்கும் உறக்கத்துக்கும் உரிய இடத்தை அறிந்துவிட்டார்கள். பெருமானாரின் கண்டிப்பு எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருந்தது பாருங்கள்!

ஸக்காத் வசூலிலும் இதே பக்குவம் தெரிகிறது. முப்பது மாடுகளுக்கு ஒரு வயதுக் கன்று ஒன்று, நாற்பதுக்கு இரண்டு வயது மாடு ஒன்று என்பது அவர்கள் பெற்றிருந்த கட்டளை. முப்பதுக்குக் குறைவாகச் சிலர் கொண்டு வந்தபோது, இதுபற்றிப் பெருமானாரிடம் தாம் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவர்கள் வெட்கப்படவில்லை. மற்றொரு சமயம், வாற்கோதுமைக்கும் சோளத்துக்கும் பதிலாக யமனில் நெய்த துணிகளைத் தரலாம், அது உங்களுக்கு எளிது, மதீனாவிலுள்ள ஸஹாபிகளுக்கும் பயனுள்ளது என்றார்கள். ஸக்காத்தைப் பொருளின் மதிப்பாகவும் கொடுக்கலாம் என்பதற்கு ஹனஃபி இமாம்கள் எடுத்துக்காட்டும் ஆதாரங்களில் இதுவும் ஒன்று.

திரும்பி வந்தபின்

ஹளரத் அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில் முஆது (ரலி) அவர்கள் மதீனா திரும்பினார்கள். கடனாளியாகப் போனவர் பொருளோடும் பணியாளரோடும் வந்ததைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், அவற்றைக் கலீஃபாவிடம் ஒப்படைத்துவிடும்படி ஆலோசனை சொன்னார்கள். தமக்கு முறையாகக் கிடைத்தவையே என்று முஆது (ரலி) முதலில் மறுத்துவிட்டார்கள். அன்றிரவு வெள்ளத்தில் தாம் மூழ்குவதாகவும் உமர் (ரலி) தம்மைக் காப்பாற்றுவதாகவும் கனவு கண்டார்கள். விடிந்ததும் எல்லாவற்றையும் கலீஃபாவின் முன் கொண்டுபோய் வைத்தார்கள். கலீஃபா அவர்களோ மனமுவந்து திருப்பித் தந்துவிட்டார்கள். பிறகு அந்த அடிமைகள் தொழுவதைக் கண்டு, யாருக்காகத் தொழுகிறீர்கள் என்று கேட்டார்கள். அல்லாஹ்வுக்காக என்று பதில் வந்தது. அப்படியானால் நீங்கள் அவனுக்கே உரியவர்கள் என்று சொல்லி அனைவரையும் விடுதலை செய்துவிட்டார்கள்.

உமர் (ரலி) அவர்களின் காலத்தில் ஒரு கூட்டத்தாரிடம் பங்கீட்டுப் பணிக்குச் சென்றுவிட்டு, கொண்டுபோன பழைய விரிப்போடு மட்டுமே வீடு திரும்பினார்கள். எல்லாரும் வீட்டாருக்கு ஏதாவது கொண்டு வருகிறார்களே, உங்களுடையது எங்கே என்று மனைவி கேட்டார்கள். கண்காணிப்பவர் ஒருவர் கூடவே இருந்தார் என்றார்கள் முஆது (ரலி). அவர்கள் கருதியது அல்லாஹ்வை. அம்மையாரோ, உமர் என் கணவர்மீது ஆள் வைத்துவிட்டாரே என்று மற்றப் பெண்களிடம் குறைப்பட்டார்கள். செய்தியறிந்த கலீஃபா சிரித்து, அம்மையாரைத் திருப்திப்படுத்தும்படி சிறிது பொருள் கொடுத்தனுப்பினார்கள்.

பின்னர் ஷாம் நாட்டு மக்களுக்குக் குர்ஆன் கற்றுக் கொடுக்கச் சென்ற முஆது (ரலி) அவர்கள், ஹிஜ்ரி 18ல், அதாவது கி.பி. 639ல், அம்வாஸ் கொள்ளைநோயில் முதலில் மகனைப் பறிகொடுத்து, பின்னர் தாமும் வஃபாத்தானார்கள். வயது நாற்பதுகூட நிறையவில்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நமக்குள்ள படிப்பினை

நம் நாட்டிலும் இந்த மரபு தொடர்ந்தே வந்திருக்கிறது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்னும் இமாமுல் அரூஸ் (1816-1898) அவர்கள் கடல் கடந்து இலங்கை சென்று செய்த மார்க்கப் பணியை எல்லோரும் அறிவர். இன்றும் விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களிலிருந்து இளம் மவ்லவிகள் வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் இமாமத் செய்யப் போகிறார்கள். வேற்றூர்ப் பிள்ளைகள் நம் பள்ளிகளுக்கு இமாம்களாக வருகிறார்கள்.

அந்த இளைஞர்களுக்கு நாம் சொல்வது இது: உங்கள் பின்னால் நிற்பவர்களில் மண்டியில் மூட்டை தூக்கிவிட்டு வந்தவர் இருப்பார், ரயிலையோ பஸ்ஸையோ பிடிக்க வேண்டியவர் இருப்பார், நீர் இறைத்த அந்தத் தோழரை நினைத்துக் கொள்ளுங்கள். ஜமாஅத்தார்களுக்கும் ஒன்று சொல்வோம்: பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள், ஆனால் கைவிடவில்லை, திருத்திய பிறகு அதே மனிதரை ஒரு நாட்டுக்கே ஆசிரியராக அனுப்பினார்கள். உங்கள் இமாமிடம் குறை கண்டால் தெருவில் பேசாமல் அவரிடம் கனிவாகச் சொல்லுங்கள். வெளியூரில் தனித்திருக்கும் அவருக்கு ஒரு நல்ல தோழமையும் தேவை.

இல்லத்தரசிகளும் ஸக்காத்தைப் பற்றிய அந்த உபதேசத்தை மறந்துவிட வேண்டாம். ரமளான் வந்தால் தூரத்து ஊர் ரசீதுப் புத்தகங்களெல்லாம் நம் வாசலுக்கு வருகின்றன. நம் தெருவிலேயே உள்ள விதவையும் கடனாளியும் வாய்திறந்து கேட்பதில்லை. அங்கே உறவினரோ அதிகத் தேவையுடையவரோ இருந்தாலன்றி ஸக்காத்தை வேறூருக்கு அனுப்புவது விரும்பத்தக்கதல்ல என்பதே ஹனஃபி நூல்களின் கூற்று. ஷாஃபிஈ மத்ஹபில் இது இன்னும் இறுக்கமானது. முஆது (ரலி) அவர்களிடம் சொல்லப்பட்டது போல, நம்மூர்ச் செல்வம் முதலில் நம்மூர் ஏழையிடம் போய்ச் சேரட்டும்.

அல்லாஹுத்தஆலா அந்த மாபெரும் ஸஹாபியின் தரஜாவை உயர்த்துவானாக! நம் பிள்ளைகளுக்கு அவர்களுடைய அறிவையும் பணிவையும் பேணுதலையும் தந்தருள்வானாக! ஆமீன்.