தங்கம் கேட்ட வாத்தியார்

ஆலங்காயம் பக்கம் மாலை வேளையில் பையன்கள் பந்து உதைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓரத்தில் நிற்கும் பெரியவர், அங்கே கொடு, இங்கே ஓடு என்று கூவுவார். பையன் பந்தை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பான். பந்து பறிபோய்விடும்!

ஐதராபாத் ரகீம் இதற்கு வேறு வழி கண்டவர். இந்தியக் கால்பந்து அணியின் புகழ்பெற்ற பயிற்சியாளர் அவர்.

சையது அப்துல் ரகீம் 1909-ம் ஆண்டு பிறந்தார். பள்ளிக்கூட ஆசிரியராக வேலை பார்த்தார். 1950-ல் ஐதராபாத் நகரப் போலீஸ் அணியின் பயிற்சி அவர் கைக்கு வந்தது. அந்த ஆண்டு முதல் 1954 வரை, தொடர்ந்து 5 முறை ரோவர்ஸ் கோப்பை அந்த அணிக்கே!

விசித்திரப் போட்டிகள்

ஐதராபாத்தில் அவர் நடத்திய சில போட்டிகள் விசித்திரமானவை. ஒன்றில், பந்தை உருட்டிக்கொண்டே எதிரிகளை ஏய்த்து ஓடக்கூடாது. இன்னொன்றில், பழக்கம் இல்லாத காலால்தான் உதைக்கவேண்டும்.

விதி கடுமைதான். ஆனால் பந்தை யாரிடம் தள்ளுவது? அதைக் கண நேரத்தில் ஆடுகிறவனே முடிவு செய்தாகவேண்டும். வாத்தியாரைத் திரும்பிப் பார்க்க நேரம் ஏது? ஒழுங்கு விஷயத்தில் ரகீம் மகா கண்டிப்புக்காரர். ஆட்டத்தில் மட்டும் மூளையை ஆட்டக்காரனிடமே விட்டுவைத்தார் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று இந்தியா உதை வாங்கியது. அதே ரகீமின் பயிற்சியில், 1956 மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை வென்று 4-வது இடம் பிடித்தது.

ஜகார்த்தா

1962 ஆசிய விளையாட்டுக்கு அணியை அழைத்துச் சென்றபோது ரகீமைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் தோல்வி. தாய்லாந்து ஆட்டத்தில் ஜர்னெயில் சிங்குக்குத் தலையில் காயம், தையல் போட்டார்கள். அவர் பின்வரிசையில் நின்று தடுப்பவர். ரகீம் அவரை முன்வரிசைக்கு அனுப்பினார்!

இறுதி ஆட்டத்தில் மீண்டும் தென்கொரியா. அரங்கம் முழுவதும் இந்தியாவுக்கு எதிரான கூச்சல். முந்தின இரவு ஆட்டக்காரர்களுக்குத் தூக்கம் வரவில்லை. ரகீம் அவர்களிடம் உபதேசம் செய்யவில்லை. தமக்கு ஒரு பரிசு வேண்டும் என்று மட்டும் கேட்டார். அது தங்கப் பதக்கம்.

செப்டம்பர் 4-ந்தேதி பி.கே.பானர்ஜி ஒரு கோல் அடித்தார். அடுத்தது ஜர்னெயில் சிங்! கட்டுப்போட்ட தலையோடு அவர் போட்ட கோல் அது. மதராஸ் ரெஜிமெண்டில் ஆடி வளர்ந்த தங்கராஜ், காய்ச்சலில் இருந்து எழுந்துவந்து கோல் காத்தார். 2-1 என்று இந்தியா வென்றது.

கேட்ட பரிசு கிடைத்து 9 மாதங்கள்தான். 1963 ஜூன் 11-ந்தேதி ரகீம் காலமானார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்கு அதன் பிறகு தங்கம் கிடைக்கவில்லை.